ஏரியைத் தூர்வாருகிறார்கள், எங்கள் கிணறு கெடுகிறது. நாங்கள் சோதித்துப் பார்த்தால் குற்றமா?

சேலம் மாநகரின் தென்பகுதியில் ஏரிக்கரையை ஒட்டி வசிக்கும் வாசகி ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவரும் கணவரும் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு பற்றவைக்கும் கூலி வேலை செய்கிறார்கள். அவர்கள் ஏரிக்குப் பல ஆண்டுகளாகச் சாயப்பட்டறைத் தண்ணீரும் ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரும் ஊர்ச் சாக்கடையும் வந்து சேர்ந்தன. பொங்கல் முடிந்த வாரம் தூர்வாரும் பணி தொடங்கியது. பொக்லைன் இறங்கிய அன்று தெருவே கூடிக் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்ததாம். அடுத்த மாதத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றம். கருஞ்சேறு தென்கரையில் மலைபோல் குவிந்தது. இரவில் டிப்பர் லாரிகள் அதை வயல்களுக்கும் செங்கல் சூளைக்கும் கொண்டுபோயின. சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் நுரைத்தது. இளைய மகளுக்குக் கையெல்லாம் அரிப்பு.

தெருவில் பதினொரு பேர் சேர்ந்து ஒரு குழுவாகி, நாற்றம், லாரி, தண்ணீர் என்று தினமும் நோட்டில் எழுதுகிறார்கள். பணம் திரட்டிக் கிணற்றுத் தண்ணீரைத் தனியார் ஆய்வகத்தில் சோதித்தபோது குரோமியம் அளவுக்கு மேல் இருப்பதாக முடிவு வந்தது. அதைக் காட்டியபோது ஒப்பந்தக்காரரின் ஆள், “அரசாங்கம் மட்டும்தான் சோதிக்கலாம், நீங்கள் செய்தது குற்றம்” என்று மிரட்டியிருக்கிறார். முதலில் சங்கம் பதிவு செய்ய வேண்டும் என்கிறார் கொழுந்தனார். லாரியை மறிக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நான்கு முறை மனு கொடுத்தாகிவிட்டது. “மனு நிலுவையில் இருக்கும்வரை எங்கள் உரிமைக்குக் கெடு இல்லை அல்லவா?” என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்று: “வெள்ளியை வெளுத்த அமிலத் தண்ணீரை நாங்களும் சாக்கடையில்தான் ஊற்றுகிறோம். எங்களுக்குப் புகார் சொல்லத் தகுதி இருக்கிறதா?”

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் நடுவில் கேட்ட ஒரு கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. மனு நிலுவையில் இருந்தாலும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் முதன்முதலாக எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. ‘முதன்முதலாக’ என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். நாற்றம் இன்றும் அடிக்கிறது என்பதால் இன்று காரணம் எழுந்ததாக ஆகாது. நீங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த நான்கு மனுக்களும் இந்தக் கணக்கை நிறுத்தி வைக்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் தொடங்கிய வேலை. உங்கள் கடிதம் எனக்கு வந்தது ஆனி பிறந்த பிறகு. ஐந்து மாதம் போய்விட்டது. கிணறு சித்திரையில்தான் கெட்டது, அதிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் வாதாட இடம் இருக்கிறது என்பதற்காகக் காத்திருப்பது நல்லதல்ல. இழப்பீடும், கெட்ட சூழலைச் சீராக்கித் தருவதும் 15ஆம் பிரிவின் கீழ் வருவன. அவற்றுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது கரையில் கிடக்கும் குவியலுக்கு ஒரு உத்தரவு. பொக்லைன் இறங்கிய தேதியிலிருந்து ஆறு மாதத்தை எண்ணிக் காலண்டரில் வட்டமிடுங்கள். நீங்கள் செய்யும் எல்லாமே அந்த வட்டத்துக்குள் முடிய வேண்டும்.

கிளறினால் ஏன் நாறுகிறது

உங்கள் குழுவில் சிலர் ஏமாற்றத்தோடு சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள்: “தூர்வாராமலே விட்டிருக்கலாம்.” அப்படி எண்ண வேண்டாம். ஆனால் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டால்தான் சரியான கோரிக்கையை வைக்க முடியும்.

சாக்கடையும் ஆலைத் தண்ணீரும் விழுந்த ஏரியின் அடிச்சேற்றில் காற்றே இருக்காது. அங்கே உருவாகும் சல்பைடு, சாயத்தோடும் வேறு கழிவோடும் வந்த உலோகங்கள் பலவற்றைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சேற்றை வாரி வெயிலில் போட்டால் காற்றுப் பட்டு அந்தப் பிடி தளர்கிறது. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. விடுபட்ட உலோகம் மழைநீரோடு இறங்கும். மண்ணின் தன்மையைப் பொறுத்து நிலத்தடிக்கும் போகலாம். ஒரு எச்சரிக்கை: இந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இன்று நாற்றம் இல்லை’ என்று பிள்ளைகளைத் தோண்டிய பள்ளத்தின் பக்கம் விட்டுவிடாதீர்கள்.

பணத்துக்கும் கருவிக்கும் குறைவில்லாத இடத்திலும் இந்தச் சிக்கல் வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஓனண்டாகா என்ற ஏரி பாதரசத்தாலும் பிற வேதிப்பொருள்களாலும் கெட்டிருந்தது. 2012 முதல் 2014 வரை அதன் அடிச்சேற்றை உறிஞ்சி, குழாய் வழியாகக் கமிலஸ் என்ற ஊரில் இருந்த பழைய கழிவுப் படுகைக்கு அனுப்பினார்கள். ஏரி தெளியத் தொடங்கியது. ஆனால் சேறு போய்ச் சேர்ந்த இடத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் சொன்னார்கள். அவர்கள் கேட்டது இதுதான்: இங்கே எங்கள் காற்றில் என்ன இருக்கிறது, அதை யார் அளக்கிறார்கள், அளந்ததை எங்களுக்குக் காட்டுவார்களா? உங்கள் தென்கரையிலும் இதே மூன்று கேள்விதான்.

ஆகவே ‘வேலையை நிறுத்துங்கள்’ என்று கேட்காதீர்கள். நிறுத்தினால் ஒப்பந்தக்காரர் பொக்லைனை ஏற்றிக்கொண்டு போய்விடுவார், குவியல் உங்கள் கரையிலேயே கிடக்கும். சேலத்தில் ஆவணியிலும் புரட்டாசியிலும் கொட்டும் மழை தெரியும் உங்களுக்கு. சேற்றைச் சோதித்து, அதில் இருப்பதற்கு ஏற்றபடி மூடி, உரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று கேளுங்கள். சேற்றில் நச்சு, 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் சொன்ன வரம்பைத் தாண்டியிருந்தால், அதை வயலுக்கும் சூளைக்கும் அனுப்ப முடியாது. கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோன்ற அதற்கென அமைந்த நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஏரி வண்டலைத் தாசில்தார் அனுமதியோடு விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளும் நல்ல திட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. நல்ல வண்டலுக்காக ஏற்பட்ட அந்த வழியில் சாயக் கசடு போனால், உங்கள் தெருவின் துன்பம் யாரோ ஒரு விவசாயியின் மரவள்ளிக் காட்டுக்கு இடம் மாறுகிறது. இதை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

உங்கள் பாட்டிலும் வாரியத்தின் பாட்டிலும்

இனி அந்த மிரட்டல். உங்கள் கிணற்றுத் தண்ணீரை நீங்கள் சோதிக்க எவருடைய அனுமதியும் வேண்டாம். பொதுமக்கள் நடமாடும் கரையில் நின்று பார்ப்பதும் படம் எடுப்பதும் எழுதி வைப்பதும் குற்றமில்லை. வேலி போட்ட பணியிடத்துக்குள் நுழைவது வேறு, அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. நீர் மாசு தடுப்புச் சட்டம், 1974இன் 21ஆம் பிரிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் மாதிரி எடுக்கும் முறையை வகுத்திருக்கிறது: சம்பந்தப்பட்டவருக்கு அங்கேயே அறிவிப்புத் தந்து, மாதிரியைப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கில் அப்படி எடுத்த மாதிரியின் முடிவே சாட்சியமாக ஏற்கப்படும். நீங்கள் குடிநீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனதை வைத்து ஒருவருக்குத் தண்டனை வாங்கித் தர முடியாது.

அதனால் உங்கள் சோதனை வீண் என்று நினைக்க வேண்டாம். பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்று அதன் சட்டத்தின் 19ஆம் பிரிவே சொல்கிறது. இப்படி ஒரு முடிவோடும் ஒழுங்கான நோட்டோடும் மக்கள் வந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் மாவட்ட நிர்வாகத்தையும் சேர்த்து ஒரு கூட்டுக் குழு அமைத்து நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்வது தீர்ப்பாயத்தின் வழக்கம். உங்கள் பாட்டிலின் வேலை வாரியத்தின் பாட்டிலை வரவழைப்பது.

அதற்கு உங்கள் பாட்டில் நம்பும்படி இருக்க வேண்டும். அடுத்த முறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடமே பாட்டில் வாங்குங்கள். உலோகத்துக்கு ஒன்று, கிருமிக்குக் கிருமி நீக்கிய வேறொன்று. மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். யார் எடுத்தார், யார் கையில் கொடுத்தார், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் கையெழுத்தோடு எழுதுங்கள். ஏரிக்கு எதிர்ப்பக்கம், மேட்டில், தொலைவில் உள்ள ஒரு கிணற்றிலும் அதே நாளில் எடுங்கள். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால், “இந்த வட்டாரத் தண்ணீரே இப்படித்தான்” என்ற ஒரு வாக்கியத்தில் உங்கள் செலவு முழுவதும் கரைந்துபோகும். குடிநீர்வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம்.

டிடிஎஸ் மீட்டரை நம்பி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். அது கரைந்துள்ள உப்பின் மொத்த அளவைத்தான் தோராயமாகக் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லையென்றால் 2,000 வரை. குரோமியத்துக்கு 0.05, ஈயத்துக்கு 0.01. இவ்வளவு சிறிய அளவு அந்த மீட்டரில் தெரியவே தெரியாது. ‘400தான் காட்டுகிறது’ என்று நிம்மதியடைந்துவிடக் கூடாது. கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். இந்தக் கிணறு தெளிவாகும்வரை குடிக்கவும் சமைக்கவும் மேட்டூர்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள். மகளை அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். ஓ.பி. சீட்டைத் தூக்கி எறியாமல் நோட்டோடு சேர்த்து வையுங்கள்.

அந்த நோட்டு

நீங்கள் அனுப்பிய மூன்று பக்க நகலைப் படித்தேன். “இரவு 11.40. மூன்று டிப்பர். தார்ப்பாய் இல்லை. தென்கரை வழி.” இதைவிட நல்ல சாட்சியத்தை ஒரு வழக்கறிஞர் எழுதித் தர முடியாது. ஆனால் அடுத்த பக்கத்தில் “விஷ வாயு விட்டார்கள்” என்று இருக்கிறது. அது உங்கள் முடிவு. மூக்கு அறிந்ததை மட்டும் எழுதுங்கள்: என்ன நாற்றம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, காற்று எந்தத் திசையிலிருந்து, யார் யாருக்குக் கண் எரிந்தது. வண்டி எண், எழுதியவர் பெயர், படத்தின் எண் ஆகியவையும் வேண்டும். அடித்துத் திருத்தாதீர்கள், தவறு நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். நாற்றம் இல்லாத நாளையும் ‘இல்லை’ என்று எழுதுங்கள். அந்த ‘இல்லை’தான் மற்ற நாளை நம்ப வைக்கும். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். எடுத்த கைபேசியிலேயே இருக்கட்டும். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது, இப்போதுள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் கேட்பார்கள்.

இது நம் மாநிலத்துக்குப் புதிதில்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள் இருபது ஆண்டுக்கு முன்பே இப்படி நாற்றத்தைப் பதிவு செய்யவும், ஒரு வாளியும் பையும் கொண்டு காற்று மாதிரி பிடிக்கவும் பழகினார்கள். பாலாற்றுத் தோல் கழிவுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996இல் உச்ச நீதிமன்றம் ‘மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாட்டை இந்த நாட்டின் சட்டம் என்று உறுதி செய்தது. அந்த வழக்கைத் தொடங்கியவர்கள் நம் ஊர்களைப் போன்ற ஊர்க்காரர்களே.

பத்து ரூபாயில் கிடைப்பவை

தகவல் உரிமைச் சட்டத்தை நகல் வாங்கும் சட்டமாக மட்டும் பார்க்கிறோம். அதன் 2(j) பிரிவில் உள்ள தகவல் உரிமை பற்றிய வரையறையைப் படித்தால், பணியை நேரில் ஆய்வு செய்வதும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் அதில் அடங்கும். தென்கரைக் குவியலிலிருந்து சேற்றின் சான்றளித்த மாதிரி வேண்டும் என்று நீங்கள் மனுப் போடலாம். தந்தால் அது அலுவலரே கொடுத்த மாதிரி. மறுத்தால் அந்த மறுப்புக் கடிதம் தீர்ப்பாயத்தில் பேசும்.

அதே மனுவில், வேலை உத்தரவு, சேற்றை எங்கே கொட்டுவது என்று மதிப்பீட்டு அறிக்கையில் எழுதியுள்ள பகுதி, தூர்வாருவதற்கு முன் சேற்றைச் சோதித்த அறிக்கை, அளவீட்டுப் புத்தகத்தின் நகல், வண்டல் எடுக்கக் கொடுத்த அனுமதிகள் ஆகியவற்றைக் கேளுங்கள். ஏரி மாநகராட்சியுடையதா நீர்வளத்துறையுடையதா என்று அலைய வேண்டாம். தவறான இடத்துக்குப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. பதில் வர 30 நாள் ஆகலாம் என்பதால் இந்த வாரமே அனுப்புங்கள். பதிலுக்காகத் தீர்ப்பாயத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

தீர்ப்பாயத்துக்குச் சங்கப் பதிவு தேவையில்லை. பதிவு செய்யாத மக்கள் குழுவும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ‘நபர்’தான், தனியொருவராக நீங்களே போகலாம். கொழுந்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எதுவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்கள் பெயரில் மனுக் கொடுங்கள். உங்கள் கணவர் பெயரில் கொடுத்தால் வருமானச் சான்று கேட்கக்கூடும்.

இளைஞர்களைத் தடுத்து நிறுத்துங்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் லாரியை மறித்த ஐந்தாவது நிமிடத்தில், சட்டவிரோதமாகத் தடுத்ததாக அவர்கள் மீது வழக்கு வரும். அதற்குப் பிறகு காவல் நிலையத்தில் சேற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். படிக்கிற பையன்கள், நாளைக்கு வேலைக்குக் காவல்துறைச் சான்று வேண்டியவர்கள். இரவில் லாரி வந்தால் கரையில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். அவர்களுடைய இளங்கண்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை. குழுவின் வீடியோவில் ஓர் அலுவலர் பெயரைச் சொல்லிக் ‘கமிஷன் வாங்கிவிட்டார்’ என்று பேசியிருப்பதையும் உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்களிடம் அதற்கு ஆதாரம் இல்லை. அவதூறு வழக்குக்கு அது ஒன்றே போதும்.

இனி அந்தச் சின்ன எழுத்துக் கேள்வி. அதைக் கேட்காமலே நீங்கள் விட்டிருக்கலாம். கேட்டீர்களே, அதற்காக உங்களை மதிக்கிறேன். அமிலத் தண்ணீரை ஊற்றியதால் உங்கள் உரிமை போய்விடாது. கிணறு கெட்டால் வழக்குப் போடும் உரிமை, அதுவரை ஒரு துளியும் அழுக்காக்காதவருக்கு மட்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு இதைக் கேட்கும், நிச்சயமாகக் கேட்கும். உங்கள் தெருவில் பல வீட்டில் இதே வேலை நடக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். அன்றைக்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டுமானால் இன்றைக்கே ஊற்றுவதை நிறுத்த வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் சேர்த்து வையுங்கள். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்தாலும், வெள்ளியோடு கலந்திருந்த செம்பு கசடாக அடியில் தங்கும். அந்தக் கசடும் சாக்கடைக்குப் போகக் கூடாது. எத்தனை வீடு, வாரத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கெடுத்து, பொதுவாகச் சேகரிக்க வழி செய்து தரும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் குழுவின் பெயரில் ஒரு கடிதம் கொடுங்கள். அதன் நகலையும் தீர்ப்பாய மனுவோடு இணையுங்கள்.

என்னைப் பார்க்க வரும்போது நோட்டின் மூலத்தையே எடுத்து வாருங்கள், நகல் போதாது. நான்கு மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, ஆய்வக முடிவின் மூலம், மகளின் ஓ.பி. சீட்டு, ஏரியையும் உங்கள் கிணற்றையும் ஒப்பீட்டுக் கிணற்றையும் குறித்த கைவரைபடம் ஒன்று. வரைபடத்தை மூத்த மகளையே போடச் சொல்லுங்கள். வடக்கு எது என்று மட்டும் அம்புக்குறி இடட்டும்.